காஞ்சனபுரிக்கு அழைத்துச் செல்கிறீர்கள், நம்மவர்களைக் காட்டாமல் திரும்புகிறீர்கள்

தாய்லாந்துச் சுற்றுலா நடத்தும் மலேசியத் தமிழ்ப் பயண நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அவற்றின் பயணத் திட்டங்களை வகுப்போருக்கும், பேருந்தில் பயணிகளோடு பேசும் வழிகாட்டிகளுக்கும்,

உங்களுள் ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய மறுமொழிதான் இந்த மடலை எழுத வைத்தது. பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்குப் போய்வரும் ஒருநாள் பயணத்தில், அச்சிட்டுத் தந்த திட்டத்தில் இருந்த, இரண்டாம் உலகப் போரில் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதை வேலையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் நினைவிடம் ஏன் காட்டப்படவில்லை என்று எழுதிக் கேட்டிருந்தேன். அன்று நேரம் போதவில்லை என்று மட்டும் பதில் வந்திருந்தால் மனம் ஆறியிருப்பேன். ஆனால், பயணிகளிடம் ஆர்வம் குறைவாக இருப்பதால் அந்த இடம் இனி எல்லாப் பயணங்களிலிருந்தும் நீக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மற்ற நிறுவனங்கள் சிலவற்றின் விளம்பரத் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். அவற்றில் அந்த இடம் தொடக்கத்திலிருந்தே இல்லை. ஆகவே இது உங்கள் எல்லோருக்குமான மடல்.

அன்று எங்களுக்குக் காட்டப்பட்டவற்றை முதலில் சொல்கிறேன். காலையில் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். பிறகு குவாய் ஆற்றுப் பாலத்தில் நடந்தோம். பாலத்துக்கு அருகில் ஒரு நீலக்கல் கடையில் முக்கால் மணி நேரம் இருந்தோம். ஆற்றில் மிதக்கும் உணவகத்தில் மதிய உணவு உண்டபின், பாறைச் சரிவை ஒட்டி மரக்கட்டைகளின் மேல் செல்லும் தாம் கிராசே பகுதியை ரயிலில் கடந்தோம். மாலையில் மியாங் சிங்கில் செம்பூரான் கல்லால் கெமர் காலத்தில் கட்டிய பழங்கோயிலையும் பார்த்தோம். பேருந்துக்குள், அந்தப் பாலத்தைக் கதையாக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ என்ற 1957-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் சீழ்க்கை மெட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தவை என்பதையும், நடுவில் நேராக உள்ள இரண்டும் நேசநாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தவற்றுக்கு மாற்றாகப் போருக்குப் பின் ஜப்பான் செய்து தந்தவை என்பதையும் வழிகாட்டி சரியாகச் சொன்னார். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் பட்ட துன்பத்தை மனம் உருகச் சொன்னார். அந்த இளைஞர் தமிழர், பேருந்தில் இருந்த எல்லோரும் தமிழர். நாள் முழுவதும் அவர் பேசியதில் தமிழர் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அவருக்குக் கொடுத்த குறிப்பில் அது இல்லை, இருந்ததை அவர் குறைவில்லாமல் சொன்னார் என்பதால் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. குறிப்பை எழுதிக் கொடுத்தவர்கள்மேல்தான் வருத்தம்.

கல்லறைத் தோட்டத்தில் எங்களோடு வந்திருந்த, எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் அந்த வழிகாட்டியிடம், “தம்பி, நம்ம ஆளுங்க பேரு எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார். தாம் தாயின் வயிற்றில் இருந்தபோது தந்தை சயாமுக்குப் போனதாகவும், அவர் முகத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்றும் பேருந்தில் எங்களிடம் சொல்லியிருந்தார். கையில் திருநீறும் சூடமும் வைத்திருந்தார். பதில் தெரியாத அந்த இளைஞர், இங்கே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் மட்டும்தான் இருக்கின்றன என்றார். அந்த அம்மாள் வந்ததன் காரணமே அந்த ஒரு கேள்விதான். அதற்குரிய இடம் அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்தது. நாங்கள் போனதோ நீலக்கல் கடைக்கு.

காஞ்சனபுரியில் யார் இறந்தார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் அந்த ஊரைக் காட்டிக் கட்டணம் வாங்குவது முறையாகாது. மலாக்கா நீரிணை வழியே பர்மாவுக்குக் கப்பல் விடுவது நேசநாடுகளின் நீர்மூழ்கிகளால் ஆபத்தானபோது, தரைவழியே தன் படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப ஜப்பானிய ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை அமைத்தது. 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலையில், 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா அருகே இரு முனைத் தண்டவாளங்களும் சந்தித்தன. காட்டையும் மலையையும் மழைக்காலத்தையும் பொருட்படுத்தாமல் நடந்த அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்ட போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர், இறந்தோர் 12,000-க்கும் மேல். உங்கள் வழிகாட்டிகள் சொல்வது இந்தக் கணக்கை மட்டும்தான். அவர்களோடும் அவர்களுக்கு அப்பாலும் மலாயா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களுள் இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000-க்கும் அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை நம் தோட்டங்களில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்று, பால்மரம் வெட்டுவோருக்கு வேலையும் அரிசியும் இல்லாமல் போன நேரத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, குடும்பத்தோடும் வரலாம் என்று அறிவித்தார்கள். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஆள்கணக்கு கேட்டு வாங்கினார்கள். சாலையில் நடந்தவர்களைப் பிடித்தார்கள், இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவந்து கதவை அடைத்து வண்டியில் ஏற்றினார்கள். சரக்குப் பெட்டிகளில் நாள் கணக்கில் நின்றும் குந்தியும் சயாமில் உள்ள பான் போங் என்ற ஊரைச் சேர்ந்தடைந்தவர்களைக் காட்டுவழியே மேல்முகாம்களுக்கு நடக்கவைத்தார்கள்.

என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர்களுள் ஒருவர். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டில் அவரை யாரும் இறந்தவர் என்று சொன்னதில்லை, ‘சயாமுக்குப் போனவர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி பல ஆண்டுகள் நெற்றிப் பொட்டை அழிக்காமல் காத்திருந்தார். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க நாள் இல்லை, ஆடி அமாவாசையில்தான் படையல் போடுவோம். இது எங்கள் குடும்பத்தின் கதை மட்டும் அன்று, பேருந்தில் இருந்த பெரியவர்களிடம் பேசியபோது அவர்களுள் பலருடைய வீட்டிலும் ஒருவர் இப்படிப் போயிருந்தார். உங்கள் வழிகாட்டி புறப்படும்போதே கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

போர்க்கைதிகளுக்கு உரிய மரியாதையை நான் சிறிதும் குறைக்கவில்லை. அந்தக் கல்லறைத் தோட்டம் எவ்வளவு கருத்தோடு பேணப்படுகிறது என்பதைப் பார்த்து மனம் நெகிழ்ந்தேன். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டு கல்லறைகளில் வைக்கப்பட்டு, அவர்களுடைய பெயர்கள் மண்டபத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கமாகி, கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போன 11 இந்தியப் படைவீரர்களின் பெயர்கள்கூட அங்கே இருக்கின்றன. படைகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. இறந்த தோழர்களைத் தோழர்களே புதைத்து அடையாளமிட்டார்கள். போர் முடிந்த சில வாரங்களில் ஒரு குழு ரயில் பாதை நெடுகப் போய் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. சொந்த மருத்துவர்கள் இல்லை, அவர்களுக்காகப் பேச அதிகாரிகள் இல்லை, தப்பியோடினால் வழி சொல்ல ஆள் இல்லை. 1943-இல் மேல்முகாம்களில் காலரா பரவியபோது முழு முகாம்களே அழிந்தன. தொழிலாளர்களைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து காலங்கடந்து அனுப்பப்பட்ட போர்க்கைதி மருத்துவக் குழுவினர் விட்டுச்சென்ற குறிப்புகள் நமக்குக் கிடைத்த முக்கியமான சான்றுகளுள் அடங்கும். 1990-இல்கூடக் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது கூட்டமாகப் புதைக்கப்பட்ட எலும்புகள் வெளிவந்தன.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று உங்கள் தரப்பில் சொல்லப்படுகிறது. இது உண்மையன்று. கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே தவோர்ன் வராராம் விகாரை இருக்கிறது. பெயரறியாத ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவுத்தூபி அதன் வளாகத்தில் நிற்கிறது. தமிழ்த் தொழிலாளர்களுக்காக 2023-இல் நடுகல் ஒன்றும் அங்கே நாட்டப்பட்டது. போரில் மாண்டவர்களுக்குக் கல் நட்டு வழிபடுவது நம் மரபு, அந்த மரபின்படி ஒரு கல் அந்நிய மண்ணில் நம்மவர்களுக்காக நிற்கிறது. தமிழ்ப் பயணிகளை ஏற்றிவரும் தமிழ் நிறுவனத்தின் பேருந்து அதைத் தாண்டிப் போகிறது. பாலத்துக்கு அருகில் இன்னொரு சின்னமும் உண்டு. பாதை வேலையில் இறந்தவர்களுக்காக 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் அது. அதன் கல்வெட்டுகளில் தமிழும் இருக்கிறது. கொன்ற தரப்புக்கே தமிழர்கள் அங்கே செத்தார்கள் என்பதைத் தமிழில் எழுதிவைக்கத் தோன்றியிருக்கிறது. பிறகு வந்த நாம் அதைச் சொல்லாமல் கடந்துபோகிறோம் என்பதை எண்ணும்போது எனக்கு ஆறவில்லை.

நேரம் போதாது என்ற காரணத்தையும் நான் ஏற்பதற்கில்லை. நீலக்கல் கடையில் எங்களை வைத்திருந்த நேரத்தில் பாதி இருந்தால் விகாரைக்கு நடந்துபோய், நின்று வணங்கி, திரும்பியிருக்கலாம். மியாங் சிங்கிற்கு நேரம் இருந்தது. அது பார்க்க வேண்டிய இடந்தான், அதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். அதே வட்டாரத்தில் பான் காவ் என்ற இடம் இருக்கிறது. பாதை வேலையில் ஈடுபடுத்தப்பட்ட வான் ஹீக்கரென் என்ற டச்சுத் தொல்லியலாளர், கைதியாக இருந்த அந்த நிலையிலும், தோண்டிய மண்ணில் கற்காலக் கருவிகளைக் கண்டு எடுத்துவைத்தார். போருக்குப் பின் அங்கே முறையான அகழாய்வு நடந்து, இன்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கல்கோடரிக்கு விளக்கம் சொல்லும் ஊரில், எண்பது ஆண்டுகளுக்கு முன் அதே மண்ணைத் தோண்டிய நம் தாத்தாக்களைப் பற்றிச் சொல்ல ஐந்து நிமிடம் இல்லை என்பது எந்தக் கணக்கில் சேரும்?

பயணிகளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். யாரிடம் கேட்டீர்கள்? இருப்பதே தெரியாத ஒன்றை எவரும் கேட்கமாட்டார். ஆஸ்திரேலியர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று ஹெல்ஃபயர் பாஸ் என்னும் பாறை வெட்டுக்கு வந்து விடியலுக்கு முன் அஞ்சலி செலுத்துகிறார்கள். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் சுத்தியலும் உளியும் கொண்டு மலையைப் பிளந்த அந்த இடத்தில் அவர்களுடைய அரசு 1998-இல் அருங்காட்சியகம் திறந்து, இன்றும் நடத்துகிறது. அதற்கென்றே தனிப் பயணங்களை நடத்தும் நிறுவனங்களுக்கு ஆர்வமுள்ள பயணிகள் கிடைக்கிறார்கள். துயரத்தைப் பார்க்க மக்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்பது பொய்யென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். திரைப்படத்தில் வந்த ஆற்றைத் தேடிவந்த பயணிகளுக்காக, அந்தப் பாலம் நிற்கும் மே குளோங் ஆற்றின் பகுதிக்கே பின்னாளில் குவாய் யாய் என்று பெயர் வைத்தார்கள். ஒரு படத்துக்காக ஓர் ஆற்றின் பெயர் மாறிய ஊரில், இத்தனை ஆயிரம் உயிர்களுக்காக உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு வரியை மாற்றச் சொல்வது பெரிய வேண்டுகோள் அன்று.

உங்கள் தொழில் எளிதானதன்று என்பதை அறிவேன். எல்லையில் காத்திருப்பதும், முதியவர்களைக் கூட்டிக்கொண்டு வெயிலில் ஏறி இறங்குவதும், நேரத்துக்குச் சாப்பாடு போடுவதும் எவ்வளவு சிரமம் என்பதை அன்று நேரில் கண்டேன். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களின் தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று உங்கள் பேருந்தில் கைத்தடியோடு ஏறுகிறார்கள். அவர்களுள் பலருக்கு இது முதல் பயணமாகவும் கடைசிப் பயணமாகவும் இருக்கும். நீங்கள் ஓர் இடத்தைத் திட்டத்திலிருந்து எடுக்கும்போது, அதை அவர்கள் வாழ்நாளிலிருந்தே எடுத்துவிடுகிறீர்கள்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. நீக்கிய நிறுவனம் தவோர்ன் வராராம் விகாரையைத் திரும்பச் சேர்க்க வேண்டும், சேர்க்காத நிறுவனங்கள் சேர்க்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் இறங்கும்போதே அங்கும் நடந்து போகலாம், கூடுதல் வண்டிச் செலவு இல்லை. தூபியின் முன்னும் நடுகல்லின் முன்னும் அரை மணி நேரமாவது கொடுங்கள். விகாரையினரிடம் முன்கூட்டியே பேசி, அவர்களுடைய வழக்கத்துக்கு இடையூறில்லாமல் பூவும் சூடமும் வைக்க விரும்புவோருக்கு இடம் ஏற்பாடு செய்யுங்கள். பாலத்தில் இறங்கும் ஒவ்வொரு குழுவையும் ஜப்பானியர் எழுப்பிய நினைவுத்தூணுக்கும் அழைத்துச் சென்று, அங்குள்ள தமிழ் எழுத்துகளைப் பிள்ளைகளைக் கொண்டு வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள்.

விளம்பரத் தாள்களில் பாலத்தின் படத்தோடு, சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் வேலை செய்து மடிந்தார்கள் என்ற செய்தியையும் அச்சிடுங்கள். வழிகாட்டிகளுக்குத் தரும் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள். அதை எழுதத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் வரலாறு படித்தவர்களும் இலவசமாகவே உதவுவார்கள், நானும் உதவுவேன். போர்க்கைதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் தொழிலாளர்களின் எண்ணிக்கையையும் சொல்லச் செய்யுங்கள். பாங்காக்கிலிருந்து பேருந்து புறப்பட்டதும், உங்களுள் யாருடைய குடும்பத்திலிருந்தாவது சயாமுக்குப் போனவர்கள் உண்டா என்று வழிகாட்டி கேட்கட்டும். கை தூக்குபவர்கள் விரும்பினால் அவர்களைப் பேசவிட்டு, போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லிப் பாதுகாத்து வையுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் அந்தச் சீழ்க்கை மெட்டை ஒலிபரப்புவதை நிறுத்துங்கள்.

நீலக்கல் கடையால் உங்களுக்கு வருமானம் உண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. நேரம் நெருக்கும் நாளில் எதைக் கைவிடுவது என்ற கேள்வி வந்தால் கடையைக் கைவிடுங்கள், நினைவிடத்தைக் கைவிடாதீர்கள் என்கிறேன். இதை எழுத்து வடிவில் உங்கள் நிபந்தனைகளில் சேர்த்து, அச்சிட்ட இடம் காட்டப்படாவிட்டால் பயணிகளிடம் அன்றே காரணம் சொல்லப்படும் என்ற உறுதியையும் தாருங்கள்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கான பயணங்களுக்கு நீங்கள் முன்பதிவு தொடங்கும் முன், மேற்சொன்னவற்றுள் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்று ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
பேராக், மலேசியா